சரக்கு இல்லை

ஏரிக்கு இரண்டு பெயர்.
மதகுப் பக்கம் கொக்கேரி.
எங்கள் பக்கம் கொங்கல செருவு.
நடுவில் ஓர் எல்லைக் கல்,
சித்திரையில் மட்டும் தலை காட்டும்.
மீனுக்கு அது தெரியாது.
ஆபீசுக்கு நன்றாகத் தெரியும்.

உபரி நீர் வழியும் கல்லணைக்குக்
கலங்கல் என்று பெயர் வைத்தவர்
என்ன நினைத்து வைத்தாரோ.

குத்தகை எடுத்தவள் நான், தேசம்மா.
மூன்று வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
கட்லா, ரோகு, நாற்பதாயிரம் குஞ்சு.
ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ராத்திரி
ஒரு பாட்டம் மழை.
கம்பெனி மதிலுக்கு அடியில் புதைத்த குழாய்
அதற்காகத்தான் காத்திருந்தது போல.
விடிந்தபோது கரை முழுக்க வெள்ளை வயிறு.
எண்ணத் தொடங்கினேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டேன்.
நாய் முகர்ந்து பார்த்துவிட்டு
வாலை இடுக்கிக்கொண்டு போனது.

திருப்பதியில் சொன்னார்கள்:
செத்து ஒதுங்கியது மதகுப் பக்கம், அது தமிழ்நாடு.
திருவள்ளூரில் சொன்னார்கள்:
குழாய் இருப்பது ஆந்திரா, எங்கள் கை நீளாது.
கம்பெனி வாசலில் சொன்னார்கள்:
வெயிலுக்கு மீன் சாகும், சகஜம்தான் அம்மா.
அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது.

தண்ணீர் மாதிரி எங்கே என்றார் ஒருவர்.
நீ எடுத்தால் அது மாதிரி ஆகாது,
நாங்கள் வந்து எடுக்க வேண்டும் என்றார் அடுத்தவர்.
எப்போது வருவீர்கள்?
ஜீப் ஷெட்டில் இருக்கிறது.

நானே மொண்டேன்.
இரண்டு லிட்டர் கலர் பாட்டில்,
லேபிளைச் சுரண்டி, பழைய ஜாக்கெட்டில் சுற்றி,
சத்தியவேட்டில் பஸ் ஏறினேன்.

ஊத்துக்கோட்டை செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.
அந்தப் பக்கத்திலிருந்து வரும் பொம்பளை,
மடியில் துணி சுற்றிய பாட்டில்.
வேறென்ன நினைப்பார்கள்.
இறங்கு என்றார்கள். இறங்கினேன்.
மீசை முளைத்தும் முளைக்காத பையன்,
பொற்செழியன் என்று சட்டையில் எழுதியிருந்தது,
மூடியைத் திருகி
மூக்குக்குக் கொண்டுபோனான்.

எத்தனை மேசை, எத்தனை மனு.
ஒரு சர்க்கார் மூக்கு
இத்தனை கிட்டே வந்தது அன்றைக்குத்தான்.

வேலிக்காத்தான் ஓரம் போய்க் குனிந்து நின்றான்.
திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் தண்ணி.
என்னம்மா இது?
ஏரி.
ஏரியா?
ஏரிதான். உங்க மதகு வழியா
உங்க நெல்லுக்குத்தான் பாயுது.

ரைட்டர் பெரிய நோட்டை விரித்தார்.
சோதனை போட்டால் எழுதியாக வேண்டுமாம்.
தேதி. நேரம். வண்டி நம்பர்.
பெண், வயது நாற்பத்து மூன்று.
கறுப்புத் திரவம் இரண்டு லிட்டர்,
தாங்க முடியாத வாடை.
சரக்கு இல்லை.
நீ போகலாம்.

பஸ் போனது. நான் போகவில்லை.
எழுதினதுக்கு ஒரு நகல் குடுங்க சார்.
எதுக்கு? உன் மேல குத்தம் இல்லைன்னுதானே
எழுதியிருக்கேன்.
அதுக்குத்தான் சார்.
என் மேல இல்லைன்னா
யார் மேலன்னு அடுத்த வரியில எழுதணும் இல்லையா.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தார்.
கரண்ட் வரட்டும், ஜெராக்ஸ் எடுக்கலாம் என்றார்.

சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தேன்.
பாட்டிலில் அடிமண்டி இறங்கத் தொடங்கியது.
அடுத்த பஸ் வந்தது, நின்றது,
ஒரு கிழவரின் பையில் வெறும் கத்திரிக்காய்.
பொற்செழியன் நீல டிரம்மில் மொண்டு மொண்டு
கை கழுவினான், முகம் கழுவினான்,
வாய் கொப்பளித்தான்.
அந்த டிரம்முக்குத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு
நான் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை கழுவிவிட்டுக்
கையை முகர்ந்தான்.
டிரம்மைப் பார்த்தான்.
பிறகு என்னை.